காலி மணல்

வடகரைக்குப்பம்,
பழவேற்காடு வழி
6 ஜனவரி 2026

அபிராமிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்து, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன்.

நான் சாந்தகுமாரி. தில்லியில், புசா ரோடு பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்கடைக்காரர் மகள். கல்யாணமாகி அப்பாவின் ஊருக்கே திரும்பி வந்தவள். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம்கூட என் பிறந்தநாளுக்கு கேக் படம் போட்டாய். அங்கேயே உன்னைக் கேட்டிருக்கலாம். நான் திட்டுவேன், இரண்டு நீலக் கோடு விழும், மற்றவர்கள் எல்லோரும் கைகூப்பிய பொம்மை போடுவார்கள், விஷயம் முடிந்துவிடும். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வாரம் தாலுகா ஆபீஸில் புதிய கடற்கரை வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். வரைவுதானாம். ஆட்சேபம் இருந்தால் மார்ச் முடிவதற்குள் சொல்லலாம். நானும் வீட்டுக்காரர் ஜெகனும் போய்ப் பார்த்தோம். எங்கள் ஊர் இருக்கிறது, எல்லையம்மன் கோயில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிகூட இருக்கிறது. வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் வெறும் மஞ்சள். மஞ்சள் என்றால் என்ன என்று ஓரத்தில் போட்டிருந்தது: 'காலி மணல், பயன்பாடு இல்லை.'

ஜெகன் விரலால் தடவித் தடவிப் படகைத் தேடினார். "சாந்தா, நம்ம போட்டு எங்கடி கீது இதுல?"

கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் அபிராமி ராஜகோபாலன், புது தில்லி. வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் அந்த ராஜகோபாலனை இழுத்து இழுத்துச் சொல்வது என் காதில் விழுந்தது.

அந்த இடம் காலி என்று முடிவானால், தனக்கு வேண்டும் என்று கேட்டு ஒரு கம்பெனி ஏற்கெனவே மனு போட்டிருக்கிறது. சரக்குக் கிடங்கு கட்டுவார்களாம். வேலி வந்துவிடும். படகை எங்கே ஏற்றுவது? கருவாட்டை எங்கே காயவைப்பது? வீடு இருக்கும், கடலும் இருக்கும், நடுவில் எங்களுக்கு வழி இருக்காது.

வந்து பார்க்காத ஊரைக் காலி என்று எப்படி எழுதினாய்? கோபத்தில்தான் கேட்கிறேன். தெரிந்துகொள்ளவும்தான் கேட்கிறேன்.

சாந்தகுமாரி

கிட்வாய் நகர்,
புது தில்லி
15 ஜனவரி 2026

சாந்தா,

உன் கடிதத்தை வாங்கி வைத்தது குஞ்சம்மாள். என் வீட்டில் வேலை செய்கிறவள். பக்கத்தில் மதராசி கேம்ப் குடிசையில் இருந்தவரை நடந்து வந்துவிடுவாள். அதை இடித்த பிறகு ஊர்க்கோடியில் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடுறது? கோர்ட்டு நோட்டீஸா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

நீ பழவேற்காட்டுப் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வண்ணம் அடித்திருப்பேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அடித்திருக்க மாட்டேன். படத்தில் இருந்ததைத்தான் வரைந்தேன். அதைத்தான் உனக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். ஆய்வுக்குப் போகும் பையன்கள் கரை கரையாகப் போய் ட்ரோனில் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் இங்கே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு வண்ணம் பிரிப்பேன். வீடு இது, தோப்பு இது, உப்பளம் இது. வருடக்கணக்கில் கடலோரம் வரைகிற நான் கடலை நேரில் பார்த்தது மெரினாவில் மட்டும்தான். இதை யாரிடமும் சொல்வதில்லை.

போன மார்ச்சில் உங்கள் ஊர்ப் படங்கள் வந்தன. மற்ற ஊர்க் கரைகளில் ஏதாவது கிடக்கும். வலை, பெட்டி, குடை, மாடு. உங்கள் கரை மட்டும் துடைத்த மேசை மாதிரி இருந்தது. விநோதம் என்று எனக்கு அன்றைக்கே பட்டது. பட்டதோடு சரி, அடுத்த ஊரைத் திறந்துவிட்டேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இப்போது எனக்கு நிறையக் கேள்விகள். படகுகள் அங்கேதான் நிற்கும் என்றால் அன்றைக்கு எங்கே போயின? மணலில் டிராக்டர் சக்கரத் தடம் சவுக்குத் தோப்புவரை போகிறதே, எதற்கு? வடக்கு ஓரத்தில் ஓர் அறை அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிகிறது. உப்பா, சிப்பியா, சுண்ணாம்பா? சிப்பிக் குவியல் என்று நினைத்து விட்டுவிட்டேன். சாதாரண நாளில் அந்தக் கரை எப்படி இருக்கும்? யார் எங்கே நிற்பார்கள்? எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது. உண்மையிலேயே தெரியாது.

அபிராமி

வடகரைக்குப்பம்
23 ஜனவரி 2026

அபி,

முதலில் உன் கேள்விக்குப் பதில். அப்புறம் சண்டை.

வடக்கே ஃபைபர் படகுகள். மூக்கு கடலைப் பார்த்து நிற்கும். யாருக்கும் பட்டா கிடையாது, ஆனால் எது யாருடைய இடம் என்று நாய்க்குக்கூடத் தெரியும். நடுவில் வலைக் குவியல், நீலத் தார்ப்பாயால் மூடியிருக்கும். பக்கத்தில் தகரக் கொட்டகை. வலை பின்னுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் அதில் சீட்டாடுவார்கள். தெற்கே எங்கள் ராஜ்ஜியம். பழைய வலையை விரித்து அதன்மேல் நெத்திலி, காரப்பொடி, வாளை மீன்களைக் காயப்போடுவோம். அப்போதுதான் மணல் ஒட்டாது. காக்காய்க்கு ஒரு கண், மழைக்கு ஒரு கண். எனக்கும் பக்கத்து இடத்துக்காரி ஆராயிக்கும் நடுவில் எல்லை ஒரு ஜோடி பிய்ந்த செருப்பு. ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் அவள் இடத்தில் யாரும் விரிக்க மாட்டோம். கடையில் ஷட்டர் போட்ட மாதிரி அப்படியே கிடக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கிராமம் என்கிறார்கள். இங்கேயிருந்து ராத்திரி பார்த்தால் எண்ணூர்ப் பக்கம் வானம் மஞ்சளாகத் தெரியும். நாங்கள் ஊரா, ஊருக்கு வெளியா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. தில்லியில் இருந்தபோது நாம் சவுத்தா நார்த்தா என்று கேட்பார்களே, அது மாதிரி.

இனி அந்த வெள்ளை விஷயம். அதைப் படித்ததும் பலமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

அது சிப்பியில்லை அபி. நான் போட்ட கோலம். பிளீச்சிங் பவுடரில்.

உங்கள் ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள் ஊர்த் தலைவர் தட்சிணாமூர்த்தி மாமா கோயில் மைக்கில் சொன்னார்: "டெல்லிலேர்ந்து டீம் வருது. மேலேர்ந்து போட்டோ புடிக்கப் போறாங்கோ. ஒரு செதிலு கரையில கெடக்கக் கூடாது, சொல்லிட்டேன்." பெரிய மனிதர்கள் வந்தால் டவுனில் ரோட்டோரம் வெள்ளைக் கோடு போடுவார்களே, அதற்காகப் பவுடர் மூட்டை வந்தது. டிராக்டர் வைத்துப் படகுகளை எல்லாம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இழுத்துவிட்டார்கள். வலை வீட்டுக்குள் போனது, கருவாடு மொட்டை மாடிக்குப் போனது. ஆராயி மட்டும், "என் நெத்திலி இன்னாடி பாவம் பண்ணிச்சி? பாதி காஞ்சிக் கீது, எடுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். அவளைத் திட்டித் தீர்த்து எழுப்பியது நான்தான். பெண் பார்க்க வரும்போது கொடியில் பாவாடை தொங்க விடுவார்களா? அந்த நினைப்புதான் எல்லோருக்கும்.

ஊரே ஒரு நாள் தொழிலுக்குப் போகவில்லை. பையன்கள் வந்தார்கள், இளநீர் குடித்தார்கள், அந்த ட்ரோன் பொம்மையைப் பறக்கவிட்டார்கள், போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் படகுகள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

நாங்கள் துடைத்துக் கொடுத்ததை நீ அப்படியே வரைந்திருக்கிறாய். இப்போது நான் யாரோடு சண்டை போடுவது?

சாந்தா

கிட்வாய் நகர்
31 ஜனவரி 2026

சாந்தா,

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெரிதாக்கினேன். எட்டு இதழ்த் தாமரை. அதன் கீழே, கொஞ்சம் சரிந்து, 'நல்வரவு'. மாதக்கணக்கில் என் திரையில் இருந்திருக்கிறது. ட்ரோன் கடல் பக்கத்திலிருந்து வந்ததால் எனக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. இருந்தாலும், கோலத்தைக் கூடவா அடையாளம் தெரியாமல் போகும்?

பக்கத்து நாற்காலி மாதவ் எட்டிப் பார்த்தான். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு மேடம்?"

"வெல்கம்னு."

"அச்சா. யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நாம அங்க யெல்லோ போட்டோம் இல்ல?" என்று கேட்டுவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

பழைய சேட்டிலைட் படங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு மேலதிகாரி வெங்கடராமன் சாரிடம் போனேன். நல்லவர்தான், ஆனால் கோப்புக்குள்ளே வசிப்பவர். "சேட்டிலைட் படத்துல நாலு வெள்ளைப் புள்ளி தெரியறதுன்னு மாத்த முடியாதும்மா. நேர்ல போய் எடுத்த படத்துல காலின்னு இருக்கே. அன்னிக்கு அவாளே காலி பண்ணினான்னா, ஊர்க்காராளே எழுதித் தரட்டும். மத்த நாள் எப்படி இருக்கும்னு, இந்த வரைவு வர்றதுக்கு முன்னாடி எடுத்த நாலு போட்டோவும் வேணும். இப்ப எடுத்து அனுப்பினா, இதுக்குன்னே கொண்டு வந்து வெச்சதும்பா" என்றார். அந்தப் படங்களை மறுபடியும் பார்த்தேன். உங்கள் படகுகள் அரிசிமணி மாதிரி இருக்கின்றன. படகு என்று எனக்குத் தெரிகிறது. தெரிகிறது என்பதை அவர் ஏற்க மாட்டார்.

அதனால் இரண்டு வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், கரை தெரிகிற பழைய போட்டோக்கள். உங்கள் வீடுகளில் எத்தனை போன் இருக்கும், போட்டோவுக்கா பஞ்சம்?

இன்னொன்று, இது ஆபீஸுக்காக இல்லை. சாவு விழுந்த வீட்டுப் பெண்ணின் இடம் காலியாகக் கிடக்கும் என்றாயே. எத்தனை நாள்? மறுபடி அவள் எப்படி ஆரம்பிப்பாள்? அவளாகவே வந்து விரிப்பாளா, யாராவது கூப்பிட வேண்டுமா? காய்கறி நறுக்கும்போதெல்லாம் அதே நினைப்பாக இருக்கிறது.

அபி

வடகரைக்குப்பம்
12 பிப்ரவரி 2026

அபி,

கூப்பிட மாட்டோம். ஒரு நாள் காலையில் பக்கத்து இடத்துக்காரி தன் மீனில் ஒரு கை அள்ளி அவள் இடத்தில் விரித்துவிடுவாள். வெயில் ஏறினால் யாராவது வந்து திருப்பிப் போட வேண்டுமே. அவள் வந்துவிடுவாள். என் மாமியார் போனபோது எனக்கு ஆராயி விரித்தாள். எத்தனை நாள் என்று கணக்கு கிடையாது. அது பக்கத்து இடத்துக்காரிக்குத் தெரியும்.

இனி கெட்ட செய்தி. கையெழுத்து கிடைக்கவில்லை.

உங்கள் டீம் வந்துபோன அடுத்த மாதம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, 'தூய கடற்கரை' என்று ஒரு ஷீல்டு கொடுத்துவிட்டுப் போனது. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ என்னவோ. அது கோயிலில் மைக் செட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. திருவிழாவுக்கு அதற்கும் மாலை போட்டார்கள்.

பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார முடியாது. மதில் பக்கம் நின்று பேசினேன். தட்சிணாமூர்த்தி மாமா, "நம்ம கரை நாறிக்கினு இருக்கும், அன்னிக்கு ஒரு நாள்தான் கூட்டினோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? அசலூர்க்காரன் இன்னா சொல்வான்?" என்றார்.

"ஷீல்டு மேல போட்டை ஏத்த முடியுமா மாமா?" என்றேன்.

"அதுக்குன்னு மானத்தை வுட்டுட முடியுமா?"

இன்னொருவர், "டெல்லிக்காரிதானே மஞ்சா அடிச்சா? நாம எழுதிக் குடுத்தா அதுக்கும் ஒரு கலர் அடிச்சிட மாட்டாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

வீட்டுக்கு வந்து ஜெகனிடம் அழுதேன். "போட்டை இழுத்தவன் நான், கோலம் போட்டவ நீ. நம்ம ரெண்டு பேரு கையெழுத்தை வாங்கிப்பாங்களாமா, கேளு" என்றார். கேட்டுச் சொல்.

போட்டோ கதையைக் கேட்டால் அழுவாயா சிரிப்பாயா தெரியாது. வீடு வீடாகப் போய் போன்களை வாங்கிப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, பொங்கல், கரையில் எடுத்த படம் நூறாவது இருக்கும். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பின்னால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கரை தெரிகிற பக்கம் போட்டோ பிடிக்கிறவன் நிற்கிறான். இருந்த ஒன்றிரண்டிலும் கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் தெரியக் கூடாது என்று படகைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் வருகிறது. என்ன செய்வது?

சாந்தா

கிட்வாய் நகர்
19 பிப்ரவரி 2026

சாந்தா,

அதுக்கும் ஒரு கலர் அடித்துவிட மாட்டாளா என்று ஒருவர் கேட்டாரே, அது சரியான கேள்வி. அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

உங்கள் இரண்டு பேர் கையெழுத்து மட்டும் போதாது என்றார் வெங்கடராமன் சார். நான் நகரவில்லை. நான் பொதுவாக நகர்ந்துவிடுகிறவள். யார் எதைச் சொன்னாலும் சரி என்று வந்து, வீட்டில் இரண்டு நாள் அதையே அரைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு என்னவோ நின்றேன். தலைகீழ்க் கோலத்தைப் பிரின்ட் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பொம்மனாட்டிகள் இவ்வளவு பெரிசா போட்டிருக்காளே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீயே போயிட்டு வா. ஒரு நாள். மறு ஆய்வுன்னு எழுதிடறேன். என்ன கிடக்கோ அதைப் படம் எடு. இருந்தா மாத்தலாம். இல்லேன்னா இதோட விட்டுடணும், மறுபடி என்கிட்ட வரக்கூடாது" என்றார்.

அதனால் வருகிறேன் சாந்தா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாய்ப்பு. மார்ச் பாதிக்குள் எந்த நாள் உங்களுக்கு வசதி என்று எழுது, டிக்கெட் எடுத்துவிடுகிறேன். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே, தயிர் இருந்தால் போதும். மீன் வாசனைக்கு உன் டிபன் பாக்ஸ் என்னை எப்போதோ பழக்கிவிட்டது.

பயமாகவும் இருக்கிறது. இத்தனை வருடம் மேலேயிருந்து பார்த்த இடத்தில் நின்றால் எப்படி இருக்கும்?

அபி

வடகரைக்குப்பம்
25 பிப்ரவரி 2026

அடி அபி,

உன் கடிதத்தைக் கரையில் வைத்தே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

டிராக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. இளைஞர்கள் சந்தா பிரிக்கிறார்கள். தட்சிணாமூர்த்தி மாமா என்னைக் கூப்பிட்டு, "உன் ஃபிரண்டே வருது, டெல்லிலேர்ந்து. போன தபா கோலம் கோணலா பூட்ச்சி. இந்த தபா நேரா போடு" என்கிறார்.

"மாமா, அந்தக் கோலத்தாலதான் இவ்ளோ வம்பு. எதையும் தொடாதீங்க. கெடக்கறது அப்படியே கெடக்கட்டும்" என்று கத்தினேன்.

"சரி சரி. ஒண்ணும் தொடல. சும்மா கொஞ்சமா கூட்டிக்கிறோம்."

"கொஞ்சமாகூட வேணாம்!"

"அப்ப படகையாச்சும் வரிசையா நிக்க வெப்போம். இன்னாம்மா நீ, வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு முன்னாடி..."

ஆராயி என்ன சொன்னாள் தெரியுமா? போன தடவை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தவள், "உன் சிநேகிதி வர்றப்ப என் நெத்திலியை நானே எடுத்துடறேன்டி, நீ திட்டாதே" என்கிறாள். அவளுக்கு எப்படி விளக்குவது?

அவர்களைச் சொல்வானேன். இன்று காலை கருவாடு திருப்பப் போனேன். நீ எந்த வழியாக நடந்து வருவாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் மடி நிறைய பிளாஸ்டிக் கவர், அறுந்த கயிறு, தேங்காய் மட்டை. என்னை அறியாமல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், வா. ஆனால் எந்த நாள் என்று சொல்லாதே. ஊருக்குச் சொல்லாதே, ஜெகனுக்குச் சொல்லாதே, எனக்கு முக்கியமாகச் சொல்லாதே. தெரிந்தால் என் கை சும்மா இருக்காது.

சென்னையிலிருந்து பொன்னேரிக்கு ரயில் இருக்கிறது. அங்கேயிருந்து பஸ்ஸில் வந்து, பழவேற்காட்டுப் பாலத்துக்கு முன்னால் இறங்கி ஆட்டோ பிடி. வீட்டுக்கு வராதே. நேராகக் கரைக்குப் போ. என்னைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. படத்தை எடுத்து முடி. அதற்குப் பிறகு என் பெயரைச் சொன்னால் யாராவது கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

நீ வரவில்லை என்று ஊரில் சொல்லிவிடுகிறேன். டிராக்டர்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டுமே.

சாந்தா

கிட்வாய் நகர்

சாந்தா,

தேதி போடவில்லை, கவனித்திருப்பாய். தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துக் கணக்குப் போடாதே. இது உன் கைக்கு வந்த மறுநாளும் நான் வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம், இந்தக் கடிதத்துக்கு முன்பேகூட வந்து நிற்கலாம். மாதவுக்குக்கூட நாளைச் சொல்லவில்லை.

பெட்டியில் கேமரா, தொப்பி, உனக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கிலோ ராஜ்மா. இங்கே இருந்தவரை நீ அதைத்தான் மீனைவிட விரும்பிச் சாப்பிடுவாய், உன் அப்பாவிடம் சொல்ல மாட்டாய்.

இரண்டு நாளாக இதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்: கரைக்குள் கால் வைத்ததும் முதலில் கண்ணில் படப்போவது எது? படகின் மூக்கா, சீட்டுக் கட்டா, பிய்ந்த செருப்பா? நீ எழுதியதையெல்லாம் வைத்து மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். அது தப்பாகத்தான் இருக்கும். எவ்வளவு தப்பு என்று பார்க்கத்தான் இவ்வளவு ஆசை.

ஒரு நாள் யாராவது ஓடி வந்து, தொப்பி போட்ட பொம்பளை ஒருத்தி ஆராயியின் நெத்திலியைப் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்வார்கள். அவசரப்படாதே. அடுப்பில் இருப்பதை இறக்கிவை, கையைக் கழுவு, மெதுவாக வா. துடைப்பத்தை மட்டும் எடுத்து வராதே.

அபி